மிதித்தால் இறுக வேண்டும்: மடக்கு ஸ்டூலை உறுதியாக்குவது எப்படி?

ஏறுபடி எழுதியது:

வணக்கம். சென்ற மாதம் என் தந்தை மடக்கு ஸ்டூலில் நின்று விளக்கு மாற்றும்போது கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். பார்த்தவர்கள் எல்லோரும் "பலமில்லாத ஸ்டூல்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அதைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு ரிவெட்கூட அறுந்திருக்கவில்லை. பலகையில் கீறல் இல்லை. குழாய் வளையவில்லை. ஆனாலும் அவர் விழுந்தார். விழுந்த இடத்தில் ஸ்டூல் மடிந்து கிடந்தது.

அது இரண்டு படி உள்ள வகை. உயரம் 46 செ.மீ. முன்சட்டகமும் பின்சட்டகமும் உச்சியில் கீலால் இணைந்து கூடாரம் போல விரியும். கீலுக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் மெல்லிய தகட்டுப் பட்டைகள்; நடுவில் மடியும் அந்தப் பட்டைகளைக் கையால் அழுத்தி நேராக்க வேண்டும். அதுதான் பூட்டு.

நானே ஒன்று செய்யப்போகிறேன். 100 கிலோ எடையைத் தாங்க வேண்டும், மடித்தால் 8 செ.மீ. தடிமனுக்குள் அடங்க வேண்டும், தூக்க 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இப்போதைக்கு என் எண்ணம் எல்லாவற்றையும் தடிமனாக்குவது: 18 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதில் 25 மி.மீ., 25 மி.மீ. குழாய்க்குப் பதில் 32 மி.மீ. தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இது அவர் மறுபடியும் ஏறப்போகும் பொருள்.

இழைப்புளி எழுதியது:

தந்தை விரைவில் குணமடைய வேண்டும். முப்பது ஆண்டுகளாக மரவேலை செய்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: தடிமன் கூட்டுவதற்கு முன் எது தோற்றது என்று பாருங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எதுவும் உடையவில்லை என்று. உடையாத ஒன்றைத் தடிமனாக்கி என்ன பயன்?

இன்னொன்று. கனமான ஸ்டூலை வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். மூலையில் கிடக்கும். அவசரத்துக்குப் பக்கத்திலிருக்கும் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறுவார்கள். நாற்காலி உட்காரச் செய்தது. அதன் விளிம்பில் ஏறி நிற்கும் மனிதனைத் தாங்க அதன் கால்கள் அமைக்கப்படவில்லை. ஆகவே நீங்கள் வைத்திருக்கும் 5 கிலோ எல்லையை விட்டுவிடாதீர்கள். அதுவும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

சமநிலை எழுதியது:

இழைப்புளி ஐயா சொன்னதைக் கணக்கும் ஆமோதிக்கிறது.

25 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. சுவரும் உள்ள எஃகுக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டர் நீளக் கால் நெட்டாக அழுத்தப்பட்டு நெளிந்துபோக, கோட்பாட்டின்படி 50,000 நியூட்டன் வேண்டும். 100 கிலோ மனிதரின் எடை சுமார் 1,000 நியூட்டன், அதுவும் நான்கு கால்களுக்குப் பிரிகிறது. குழாயைத் தடிமனாக்குவதில் பொருளில்லை.

பலகை: 40 செ.மீ. இடைவெளியைக் கடக்கும், 20 செ.மீ. அகலமுள்ள, 18 மி.மீ. பிளைவுட்டின் நடுவில் 1,000 நியூட்டன் வைத்தால் வளைவுத் தகைவு, அதாவது வளைவதால் பலகைக்குள் எழும் உள்விசையின் செறிவு, 9 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல்; தாழ்வு 2 மி.மீ.க்கும் குறைவு. நல்ல பிளைவுட் இதைப்போல மூன்று மடங்கைத் தாங்கும். திடீரென்று மிதிப்பதை எண்ணி எடையை இரட்டித்தாலும் இடம் இருக்கிறது. 12 மி.மீ. பலகை என்றால் தாழ்வு 6 மி.மீ. அளவுக்குப் போய்விடும், உடையாது, ஆனால் காலுக்குக் கீழே அசைவது தெரியும், பயம் வரும். 18 போதும்.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். கூடார வடிவில் எடை உச்சியில் இறங்கும்போது கால்கள் வெளியே பரவப் பார்க்கும். உங்கள் ஸ்டூலில் ஒவ்வொரு சட்டகமும் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் 182 நியூட்டன் விசையோடு பாதங்கள் வெளியே ஓடத் துடிக்கும். தரை வழுக்கினால் இதைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தகட்டுப் பட்டை மட்டுமே. பட்டை பாதத்தருகே இருந்தால் இழுவிசை அதே 182. பாதி உயரத்தில் இருந்தால் இரு மடங்கு, 364. கீலிலிருந்து கால்பங்கு தூரத்தில் மட்டும் இருந்தால் நான்கு மடங்கு, 728. நெம்புகோலின் கணக்கு இது. கதவைக் கைப்பிடியருகே தள்ளுவதற்கும் கீலருகே தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள்.

ஒரு கேள்வி. ஸ்டூல் மடிந்ததால் அவர் விழுந்தார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? மடிய வேண்டுமென்றால் பாதங்கள் உள்ளே வர வேண்டும். மேலே நிற்பவரின் எடை அவற்றை வெளியேதான் தள்ளும். விழுந்த இடத்தில் தரையில் ஏதாவது தடம் இருக்கிறதா?

ஏறுபடி எழுதியது:

இப்போதுதான் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். இருக்கிறது. நான்கு இடங்களில் கறுப்பு ரப்பர் தேய்ந்த கோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 செ.மீ. நான்குமே வெளிப்பக்கம் போகின்றன. ஒரு மாதமாக அதன் மேல் நடந்துகொண்டிருக்கிறோம், யாருமே கவனிக்கவில்லை.

சமநிலை எழுதியது:

அப்படியென்றால் ஸ்டூல் மடியவில்லை. திறந்தது.

பட்டைகள் முழுதாக நேராகாத நிலையில் அவர் ஏறியிருக்கிறார். ரப்பர் பாதங்களின் உராய்வு மட்டும் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏறும்வரை பிடித்தது. மேலே நின்று உடலைத் திருப்பியபோது உராய்வு விட்டுவிட்டது. ஒவ்வொரு பாதமும் 5 செ.மீ. வெளியே ஓடி, பட்டைகள் விறைத்து நின்றபோதுதான் ஓட்டம் நின்றிருக்கிறது. காலின் நீளத்தை 49 செ.மீ. என்று வைத்தால், மேற்பலகை ஒரே நொடியில் ஒன்றரை செ.மீ. கீழே இறங்கியிருக்கும். ஒன்றரை செ.மீ. சிறிதுதான். ஆனால் தலைக்கு மேலே இரு கைகளையும் உயர்த்தி நிற்பவருக்கு அந்த ஒரு குலுக்கல் போதும். அவர் தடுமாறி விழ, ஸ்டூல் கவிழ்ந்து, தரையில் பட்டபின் மடிந்திருக்கிறது.

ஆகவே வடிவமைப்பின் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எவ்வளவு எடை தாங்கும் என்பது இரண்டாவது. பாதி திறந்த நிலையில் இந்த ஸ்டூல் ஏற விடுமா, விடாதா? அதுதான் முதலாவது.

நிழல்மரம் எழுதியது:

இதைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் வீட்டு ஸ்டூலைப் பார்த்துவிட்டு வந்தேன். நான் உயரம் குறைந்தவள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறையாவது ஏறி இறங்குகிறேன். கையில் பொருளோடு, காலால் விரித்து, பட்டையை அழுத்தாமலேயே ஏறியிருக்கிறேன். பல முறை. இது கவனக்குறைவு என்று சொல்வது எளிது. ஆனால் குனிந்து இரண்டு பக்கமும் கையால் அழுத்த வேண்டிய பூட்டை ஒரு நாளைக்கு ஆறு முறை யார் அழுத்துவார்கள்? முழங்கால் வலி உள்ளவர்களை நினைத்துப் பாருங்கள். குனியாமல் பூட்ட முடிய வேண்டும்.

பற்றவைப்பு எழுதியது:

இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். சமநிலை சொல்லும் கணக்கில் குறையில்லை. ஆனால் பட்டையைத் தாழ்வாக வைத்தால் படிக்குக் கீழே கால் நுழையும் இடத்தில் வந்து நிற்கும். மடிக்கும்போது கீழ்ப்படியோடு மோதும். மேலே வைப்பதற்குக் காரணம் அதுதான், யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை.

அலுமினியம் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அதே அளவுக் குழாய் அலுமினியத்தில் எஃகைவிட மூன்று மடங்கு அதிகமாக வளையும். பற்றவைத்தால் மூட்டைச் சுற்றிக் கடினப்படுத்திய உலோகம் வெப்பத்தில் மென்மையாகிவிடும். அதனால்தான் அலுமினிய ஏணிகளில் ரிவெட்டும் மடித்திறுக்கிய மூட்டும் அதிகம் பார்க்கிறோம். சிறு பட்டறையில் ஒன்றே ஒன்று செய்வதற்கு எஃகு நல்லது.

ஏறுபடி எழுதியது:

நிழல்மரம், பற்றவைப்பு இருவரும் சொன்னதைச் சேர்த்து யோசித்ததில் ஒன்று தோன்றியது. எப்படியும் எல்லோரும் முதலில் மிதிப்பது கீழ்ப்படியைத்தான். அந்தப் படியே பூட்டாக இருந்தால் என்ன?

கீழ்ப்படி முன்சட்டகத்தில் கீலாக மாட்டியிருக்கும். அதன் பின்முனையின் அடியில் ஒரு கொக்கிப் பள்ளம். ஸ்டூலை விரித்ததும் படி தன் எடையிலேயே இறங்கி, அந்தப் பள்ளம் பின்சட்டகத்தின் குறுக்குக் குழாய்மேல் அமரும். காலால் ஒரு மிதி மிதித்தால் இறுகும். முழுதாக விரியாவிட்டால் பள்ளம் குழாயைத் தாண்டிக் கிடக்கும், படி சாய்ந்தே நிற்கும். சாய்ந்த படியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். படி 23 செ.மீ. உயரத்தில், அதாவது சரிபாதியில் இருப்பதால் இழுவிசையும் 364 தான். தனிப் பட்டையே தேவையில்லை. வரைந்த படத்தையும் போட்டிருக்கிறேன்.

இழைப்புளி எழுதியது:

நல்ல சிந்தனை. எடை ஏற ஏற இறுகும் மூட்டுதான் மூட்டு. துளைக்குள் செருகி ஆப்பு வைத்த கழுந்தும் (சட்டத்தின் செதுக்கிய முனை) அப்படித்தான் நிற்கிறது.

ஆனால் படத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்து பார்த்தேன். ஓர் ஆபத்து தெரிகிறது. உங்கள் படி முன்சட்டகத்துக்கு முன்னே நீண்டிருக்கிறது அல்லவா? கீல் சட்டகத்தில் இருக்கிறது. கால் விழுவது கீலுக்கு முன்னே. அப்படியென்றால் மிதிக்கும் எடை படியின் பின்முனையை மேலே தூக்கும். ஏற்றமரம் மாதிரி. பூட்டவேண்டிய எடையே பூட்டைத் திறந்துவிடும்.

ஏறுபடி எழுதியது:

ஐயா, அட்டையில் வெட்டி ஒரு சிறு மாதிரி செய்து விரலால் அழுத்திப் பார்த்தேன். அப்படியே எழும்பிவிட்டது. இதைக் கவனிக்காமல் குழாய் வெட்டியிருப்பேன். மிக்க நன்றி.

பற்றவைப்பு எழுதியது:

இதற்குத் தீர்வு உண்டு. கீலைச் சட்டகத்தில் வைக்காமல் முன்னே கொண்டு வாருங்கள். இரு முன்கால்களிலும் 4 மி.மீ. தகட்டில் முக்கோணத் தாங்கி வெட்டிப் பற்றவைத்து, அதன் நுனியில் கீலைப் போடுங்கள். 7 செ.மீ. முன்னே வந்தால் படியின் முன்விளிம்புக்கும் கீலுக்கும் 2 செ.மீ. மட்டுமே மிஞ்சும். பாதத்தின் எடை எப்போதும் கீலுக்குப் பின்னால்தான் விழும்.

முழு எடை தாங்கி நுனியில் இறங்கினாலும் காலுக்கு 500 நியூட்டன், 7 செ.மீ. கை. சமநிலை சரிபார்க்கட்டும்.

சமநிலை எழுதியது:

35 நியூட்டன் மீட்டர் திருப்பம். அந்த 25 மி.மீ. குழாயில் 70 மெகாபாஸ்கல் அளவுக்குத் தகைவு. சாதாரண மென்னெஃகு 235 அளவில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது. பற்றவைப்புத் தையல் குழாயைச் சுற்றிக் குறுக்கே போகாமல் நீளவாக்கில் போகட்டும். குறுக்குத் தையலின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்க விரும்பும்.

அந்த 2 செ.மீ. விளிம்பையும் நம்பி விட்டுவிடாதீர்கள். இறங்கும்போது கால்விரல் நுனியை மட்டும் அங்கே ஊன்றுபவர்கள் இருக்கிறார்கள். கொக்கிப் பள்ளத்தின் கீழே, குழாயை அடியிலிருந்தும் பிடிக்கும் ஒரு சிறு வில்நாக்கு வையுங்கள். அது எடை தாங்க வேண்டியதில்லை, படியை எழும்பவிடாமல் நிறுத்தினால் போதும்.

நிழல்மரம் எழுதியது:

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் தடுமாறிய இரண்டு முறையும் இறங்கும்போதுதான். மேலே நின்று கீழே பார்த்தால் மேற்பலகை கீழ்ப்படியை மறைக்கிறது. காலால் துழாவித்தான் படியைத் தேட வேண்டியிருக்கிறது. படம் போட்டிருப்பதில் மேலிருந்து பார்த்தால் கீழ்ப்படி எவ்வளவு தெரியும்?

ஏறுபடி எழுதியது:

அளந்தேன். ஆறரை செ.மீ. மட்டும். பாதத்தின் கால்பங்குகூட இல்லை.

மேற்பலகையைப் பின்னால் தள்ளினால் பின்பக்கம் கவிழும் அபாயம். அதனால் அடித்தளத்தையே அகலமாக்கினேன். முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் இடைவெளி இப்போது 33.5 அல்ல, 42 செ.மீ. மேற்பலகை 20 செ.மீ. ஆழம், கீலுக்கு முன்னே 7, பின்னே 13. பின்பாதம் அதற்கும் 8 செ.மீ. பின்னால் நிற்கிறது. கீழ்ப்படியின் முன்விளிம்பு முன்பாதத்தைத் தாண்டவில்லை. மேலிருந்து பார்த்தால் பன்னிரண்டரை செ.மீ. தெரிகிறது. விளிம்பில் வெள்ளைப் பட்டையும் ஒட்டுவேன். சாய்வு கூடியதால் இழுவிசை 364 இலிருந்து 457 ஆகிறது. கொக்கி அதைத் தாங்குமா?

சமநிலை எழுதியது:

இரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 230 நியூட்டன் கூட இல்லை. 4 மி.மீ. தகட்டுக்கு இது பொருட்டல்ல. பள்ளத்தை மட்டும் குழாயின் பாதி விட்டத்துக்காவது ஆழமாக வெட்டுங்கள்.

முன்பின் திசை இப்போது நன்றாக இருக்கிறது. பக்கவாட்டைப் பார்த்தீர்களா? நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் பாதத்திலிருந்து ஒரு மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. 46 செ.மீ. ஸ்டூல்மேல் நின்றால் தரையிலிருந்து ஏறக்குறைய 140 செ.மீ. உங்கள் ஸ்டூலின் பக்கவாட்டு அகலம் 40 என்றால் நடுவிலிருந்து 20. எட்டு பாகை சாய்ந்தாலே மையம் அடித்தளத்துக்கு வெளியே போய்விடும். வேறு விதமாகச் சொல்கிறேன்: 70 கிலோ எடையுள்ளவர் நடுவில் நிமிர்ந்து நின்று, தோளுயரத்தில் சுவரைப் பக்கவாட்டில் தள்ளினால், ஏழரைக் கிலோ விசையிலேயே ஸ்டூல் ஒரு பக்கம் எழும்பத் தொடங்கும். துளைக்கருவியை அழுத்தும்போது அதைவிட அதிகமாகவே தள்ளுகிறோம்.

கால்களை வெளிப்பக்கம் சாய்த்துத் தரையில் 48 செ.மீ. ஆக்குங்கள், ஒன்பது கிலோவாக உயரும். மேற்பலகையை 36 ஆகக் குறையுங்கள். அப்போது பலகையின் ஓரத்தில் நின்றாலும் எடை கால்களுக்குள்ளேயே இறங்கும். பலகையின் ஓரமும் பாதமும் ஒரே கோட்டில் இருந்தால் ஓரத்தில் கால் வைத்து எட்டிப் பிடிப்பவருக்குத் தாங்கல் எதுவுமே இல்லை.

புதுக்கை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பற்றவைக்கத் தெரியாது. கால்கள் கத்தரி போலக் குறுக்கே கடக்கும் மர ஸ்டூல் செய்யலாம் என்றிருக்கிறேன். ஆனால் காலின் நடுவில் துளை போட்டால் வலு பாதியாகிவிடும் என்று படித்தேன். உண்மையா?

இழைப்புளி எழுதியது:

தம்பி, துளை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. கால் வளையும்போது அதன் மேல்விளிம்பு நசுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது; நடுக்கோட்டில் இரண்டுமே இல்லை. 40 மி.மீ. அகலக் காலின் சரி நடுவில் 8 மி.மீ. துளை போட்டால் வளைவுக்கு எதிரான விறைப்பில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. ஆனால் அதே துளையை விளிம்பை ஒட்டிப் போட்டால் கால் அங்கேதான் பிளக்கும். ஆகவே கோடு போட்டு, நடுவைக் குறித்து, பிறகு துளையுங்கள்.

உண்மையான கவலை நாரோட்டம். காலின் நீளத்துக்கு நார் நேராக ஓட வேண்டும். முடிச்சு இருக்கும் சட்டத்தை அச்சாணி வரும் இடத்தில் வைக்காதீர்கள். அழகுக்காக வளைவாக வெட்டினால் வளைவில் நார் குறுக்கே அறுபடும். அந்தக் குட்டை நார் இருக்கும் இடத்தில் மரம் ரொட்டி போல உடையும். திருகாணியைச் சட்டத்தின் முனைமரத்தில், அதாவது நார்கள் வெட்டுப்பட்டு முடியும் முகத்தில், ஏற்றி அதை நம்பாதீர்கள். அங்கே நார்களுக்கு நடுவே புகுந்த திருகு நாளாவட்டத்தில் அப்படியே உருவிக்கொண்டு வரும். குறுக்கே துளை போட்டு, அதில் உருளை வடிவ நட் வைத்துப் போல்ட் போடுங்கள்.

சமநிலை எழுதியது:

கத்தரி வகையில் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். கால்கள் 45 பாகையில் கடந்தால் மேல்முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் விசை, நிற்பவரின் முழு எடைக்கும் சமம். செங்குத்திலிருந்து 30 பாகை என்றால் பாதியைவிடச் சற்று அதிகம். அந்த இழுப்பைத் தாங்குவது உட்காரும் பலகைதான். அங்கேயும் பலகையின் அடியில் பள்ளம் வைத்து மேற்குறுக்குச் சட்டத்தில் அமர்த்துங்கள். வெறும் கீலையும் திருகாணியையும் நம்ப வேண்டாம்.

பற்றவைப்பு எழுதியது:

அச்சாணியைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களிடம் "ஆடுகிறது" என்று திரும்பி வரும் ஸ்டூல்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது துளை பெரிதானதுதான். போல்ட் அறுந்து நான் பார்த்ததே இல்லை.

6 மி.மீ. போல்ட்டுக்கு 6.5 மி.மீ. துளை போடுகிறார்கள். அரை மி.மீ. தானே என்று தோன்றும். மூட்டின் இரு பிடிமானங்களுக்கு நடுவே 40 மி.மீ. தூரம், காலின் நீளம் 450 மி.மீ. என்றால் அந்த அரை மி.மீ. ஆட்டம் பாதத்தில் ஐந்தரை மி.மீ. ஆகிவிடும். ஏறுபவருக்கு ஸ்டூல் நடுங்குவது போலிருக்கும். மூட்டை அகலமாக்குங்கள். கீல்தண்டை இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே நீளத் தண்டாகப் போட்டால் ஆட்டம் பெருமளவு அடங்கும்.

போல்ட்டின் மரை துளைக்குள் வரக்கூடாது. மரையின் கூர்கள் ஒவ்வொரு மடிப்பிலும் அரம் போலத் துளையை ராவும். மரையில்லாத வழுவழுப்பான பகுதி மட்டும் துளைக்குள் இருக்கும்படி போல்ட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். துளைக்குள் பித்தளை அல்லது நைலான் புஷ் (உள்ளே செருகும் சிறு குழல்) போடுங்கள்; தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். உள்ளே நைலான் வளையம் உள்ள நட் போட்டால் மடக்கி விரிக்கும்போது தானாகக் கழலாது.

பாதத்தின் ரப்பர் மூடிக்குள் ஒரு எஃகு வாஷரைப் போட்டுவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் குழாயின் விளிம்பு ரப்பரை வட்டமாக வெட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

புதுக்கை எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அனைவருக்கும். ஒரு சின்ன சந்தேகம். தரை சமமாக இல்லாவிட்டால் நான்கு கால் ஆடுகிறது. மூன்று கால் ஆடவே ஆடாதே, ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

சமநிலை எழுதியது:

ஆடாது, ஆனால் கவிழும். பக்கம் 40 செ.மீ. உள்ள சதுரத்தில் நடுவிலிருந்து விளிம்பு 20 செ.மீ. அதே பக்கமுள்ள முக்கோணத்தில் பதினொன்றரை செ.மீ. மட்டுமே. உட்கார முக்காலி நல்லது. ஏறி நிற்க நான்கு கால்தான்.

ஏறுபடி எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது. செய்து முடித்தேன். பற்றவைப்பு சொன்ன தாங்கி, புஷ், ஒரே கீல்தண்டு எல்லாம் இருக்கின்றன. மேற்பலகை கீல்தண்டில் சுழலும். அடியில் ஒட்டிய ஆப்புக் கட்டைகள் விரிந்ததும் முன்சட்டகத்திலும் பின்சட்டகத்திலும் அமர்ந்து அதை மட்டமாக நிறுத்துகின்றன.

என் உடலை வைத்துச் சோதிக்கவில்லை. முதலில் மணல் மூட்டைகள், 150 கிலோ, மேற்பலகையில் ஒரு நாள் முழுக்க. ஐரோப்பியத் தரநிலையான இ.என். 14183 படி ஸ்டூல்களுக்குச் சொல்லும் அதிகபட்ச எடையும் அதே 150 கிலோ என்பதால் அந்த அளவை எடுத்தேன். பிறகு 100 கிலோவைக் கீழ்ப்படியின் முன்விளிம்பிலேயே அடுக்கினேன், கொக்கி எழும்பவில்லை. பிறகு ஒரு காலின் கீழே 10 மி.மீ. கட்டை வைத்து, ஸ்டூல் முறுக்கிக்கொண்ட நிலையில் மறுபடியும் 100 கிலோ. கீல்தண்டு முனகியது, ஆனால் மூட்டையை இறக்கியதும் பாதங்கள் பழையபடி மட்டமாக அமர்ந்தன. கடைசியாக, வேண்டுமென்றே பாதி விரித்து வைத்தேன். கீழ்ப்படி கூரை போலச் சாய்ந்து நின்றது. என் தந்தையைக் கூப்பிட்டு, "இதில் ஏறுவீர்களா?" என்று கேட்டேன். காலைத் தூக்கவே இல்லை. "படி சரியாக உட்காரவில்லையே" என்றார். பிறகு அவரே காலால் விரித்து மிதித்தார். டக் என்று அமர்ந்தது.

இரண்டு குறைகள். தாங்கி முன்னே நீண்டிருப்பதால் மடித்தால் 11 செ.மீ. வருகிறது, நினைத்த 8 இல்லை. எடை 5.4 கிலோ. இழைப்புளி ஐயா எடையைப் பற்றிச் சொன்னது மனதில் உறுத்துகிறது.

இழைப்புளி எழுதியது:

400 கிராமுக்காக எதையும் இளைக்க வேண்டாம். தூக்குவதற்குப் பிடி இருந்தால் 5.4 கனமாகத் தெரியாது. பிடி இல்லாவிட்டால் 4 கிலோவும் கனம்தான். மேற்பலகையின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு நீள்துளை வெட்டுங்கள்.

ஏறுபடி எழுதியது:

வெட்டினால் பலகை பலவீனமாகாதா, ஐயா?

இழைப்புளி எழுதியது:

எந்தத் திசையில் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் போதும். அதன் நீளம் ஒரு தாங்கலிலிருந்து மறு தாங்கலுக்குப் போகும் திசையில் இருக்கட்டும். அப்போது 20 செ.மீ. பலகையில் 3 செ.மீ. மட்டும் குறையும், மீதி 17 எடையைச் சுமக்கும். குறுக்கே வெட்டிவிட்டால் பாதிப் பலகை போய்விடும். இரு முனைகளையும் முதலில் வட்டத் துளையாகப் போட்டு, பிறகு நடுவை அறுங்கள். கூர்மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். விளிம்பை உள்ளும் புறமும் உருட்டி இழைத்துவிடுங்கள், கையில் சிராய் ஏறாமல்.

ஏறுபடி எழுதியது:

இன்று மாலையே வெட்டுகிறேன்.

நிழல்மரம் எழுதியது:

வெட்டி முடித்ததும் முழு அளவுகளோடு படத்தை இங்கே போடுங்கள். எனக்கு ஒன்று செய்துகொள்ள வேண்டும். கீழ்ப்படியை 23க்குப் பதில் 20 செ.மீ. உயரத்தில் வைத்தால் கொக்கியின் இடம் எவ்வளவு மாறும் என்பதையும் குறித்துவிடுங்கள்.